எல்சியின் முடிச்சுகள்

வைகாசியில் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் நான் படிப்பிக்கும் மூன்றாம் வகுப்பில் பொருள்கள் ஒவ்வொன்றாகக் கட்டப்படத் தொடங்கின. தண்ணீர்க் குடம் சன்னலோடு, என் கதிரை மேசையோடு, றீற்றாவின் பின்னல் பக்கத்துப் பிள்ளையின் பின்னலோடு. எல்லாம் எல்சியின் வேலை. மீன்பிடிக்காரரின் மகள், அவள் முடிச்சு லேசில் அவிழாது.

அன்று கதிரையை இழுத்தேன். மேசையும் ஆடியது. மைப்போத்தல் என் வெள்ளைச் சேலையில் கவிழ்ந்தது. கொதித்துப்போய்ப் பிரம்பை எடுக்கப் போனால், அதுவும் அலுமாரியோடு கட்டிக் கிடந்தது.

"ஏன்டி இந்தக் குரங்குச் சேட்டை?"

"காத்தடிக்குது, ரீச்சர்."

"அடிச்சால்?"

"மார்கழிச் சூறாவளியில எங்கட கூரை கிண்ணியாப் பக்கம் போச்சுது. வள்ளம் எங்க போச்செண்டே தெரியாது. நான் கட்டிவைச்ச ஆடு மட்டும் அப்பிடியே நிண்டது."

வகுப்பைச் சுற்றிப் பார்த்தேன். கட்டாமல் விட்டிருந்தது என்னைத்தான்.

"அப்ப நான் மட்டும் பறந்து போகலாமோ?"

"உங்களக் கட்டப் பயம், ரீச்சர்."

மை வழிந்த முந்தானையை நீட்டினேன். மேசைக் காலோடு சேர்த்து இரண்டு முடிச்சுப் போட்டாள்.

ஆட்டுக்கே ஒன்றுதானாம்.