அரைப் பேர்

காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறேன். சாயத்தண்ணி ஊற்றி அத்தைக்கு ஒரு கோப்பை, எனக்கு ஒன்று. மேசையில் ஷாமிலாவின் மடிக்கணினி இருக்கிறது. அதன் சிறு விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன். எரிகிறது. பாடசாலைக்குப் போகிறேன். ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன்.

ஷாமிலா என் மனைவி. கொழுந்து பறிக்கும் பெண்களின் இரத்தசோகை பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தாள். மலையில் அவர்களோடு நின்று குறிப்பெடுக்கும்போது குளவி கொட்டி இறந்தாள். பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆய்வு இடம் கொழும்பைச் சேர்ந்த பிரதாப்புக்குப் போனது.

அவள் அங்கே அனுப்பியிருந்த தரவில் 'பேர்' என்று ஒரு நிரல் இருந்தது. அதில் முழு, அரை, இல்லை என்று பதிந்திருந்தாள். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான் விழும். பிரதாப் அதைப் பெயர் என்று வாசித்தார். முழுப் பெயர் தராதவர்களின் பதிவுகள் செல்லாது என்று நீக்கி, அதே கோப்பில் சேமித்தார். இரத்தம் குறைந்து, நிறை எடுக்க முடியாத பெண்கள் அதோடு போனார்கள். மிஞ்சியவர்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள். தோட்டப் பெண்களுக்குக் குறையொன்றும் இல்லை என்று கட்டுரை முடிந்தது.

மூலக் கோப்பு இந்தக் கணினியில் மட்டும்தான் இருந்தது. கடவுச்சொல் அவளுக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை பிரதாப் கணினியை எடுத்துப்போக வந்தார். அது பல்கலைக்கழகத்தின் உடைமை. பேர் என்றால் என்ன என்று அவருக்குச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"ஐயோ சேர், இத முந்தியே யாராவது சொல்லியிருக்கலாமே! இந்தப் பொம்பளைங்க பேரக்கூடப் பாதிதான் சொல்றாங்கன்னு நெனச்சேன்."

"அங்க கொண்டுபோய்த் திறக்கச் சொல்லுங்க. எல்லாரும் உள்ள இருக்காங்க."

"திறக்க மாட்டாங்க சேர். அழிச்சிட்டு அடுத்த ஸ்டூடன்டுக்குக் குடுப்பாங்க. கட்டுரைய ஏத்துக்கிட்டாங்க. இப்ப போய்ப் பிழைன்னு ப்ரொஃபசர் எழுதுவாரா? நன்றி சொல்ற எடத்துல உங்க மிஸ்ஸிட பேரு இருக்கு. அத நான்தான் போடச் சொன்னேன்."

அத்தை ராக்காயி தேத்தண்ணியை நீட்டினார். ஷாமிலாவின் அம்மா. இன்னமும் மலைக்குப் போகிறவர்.

"எனக்கும் அரைப் பேருதான் போடுறாங்க தம்பி. அப்ப நான் அந்தக் கணக்குல இல்லியா?"

"இல்லம்மா," என்றார் பிரதாப். ஒரு வாய் குடித்தார். "தேத்தண்ணி நல்லா இருக்கு."

குடித்து முடித்துச் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார். நான் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அவர் என்னைச் சுற்றிக் கையை நீட்டி, பொத்தானை அழுத்திப் பிடித்தார். விளக்கு அணைந்தது.

குளவி கொட்டிய அன்று காலை, மலைக்குப் புறப்பட்ட ஷாமிலா வாசலில் திரும்பி நின்றாள்.

"அதத் தொட்றாதீங்க, ஓடிக்கிட்டு இருக்கு. நான் வந்து நிப்பாட்டிக்கிறேன்."