பெங்களூரு பக்கத்துக் குறிக்கல்

பிப்ரவரி 11, புதன்கிழமை. ஒரு சிறு தவறு செய்திருக்கிறேன். லூப் லைனின் பெங்களூரு முனையில் குறிக்கல்லைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டேன். மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் ஒன்பது மீட்டர் குறைகிறது. மூன்று முறையும் நான் தப்பாகவே போட்டிருக்கவும் கூடும்.

எழுதி முடித்த சுசித்ரா ‘சிறு’ என்ற சொல்லை அடிக்கலாமா என்று யோசித்தாள். நிச்சயமாகத் தெரியாமல் எதையும் அடிப்பது அவள் வழக்கமில்லை. விட்டுவிட்டாள். நாட்குறிப்பைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், அவள் தங்கியிருந்த விடுதியில் வேறு யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதுதான். கொள்ளேகாலில் கன்னடப் பள்ளியில் படித்தவள். தமிழ் எழுத்து அம்மா சொல்லிக் கொடுத்தது.

பகலில் அவளுக்கு மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலை. ரயில்வே ஒப்பந்தக்காரர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகம். மாலை ஆறு முதல் எட்டு வரை டிப்ளமோ வகுப்பு. இரண்டு வருடமாக மதகுகளையும் வடிகால்களையும் மட்டுமே வரைந்து வந்தவளுக்கு, போன மாதம்தான் முதன்முதலாக ஒரு நிலையத்தின் தண்டவாள அமைப்பு முழுவதும் கைக்கு வந்தது. மைசூரு–பெங்களூரு தடத்தில் ஒரு சிறிய நிலையம். படம் சரியாக வந்தால் அடுத்து ஜங்ஷன் வேலையும் உனக்குத்தான் என்று அலுவலகத்தை நடத்தும் வைத்யநாதன் சொல்லியிருந்தார். வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. மதகுதான், வேறென்ன.

ஓயாமல் வண்டி ஓடும் அந்தத் தடத்தில், எக்ஸ்பிரஸுக்கு வழிவிட சரக்கு வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கத்துத் தடம்தான் லூப் லைன். அது மெயின் லைனோடு சேரப்போகும் இடத்தில், இரண்டுக்கும் நடுவே ஒரு குறிக்கல் நட்டிருப்பார்கள். கல்லுக்கு உள்ளே நிற்கும் வண்டிக்கு ஆபத்தில்லை. கல்லைத் தாண்டி வால் நீட்டிக்கொண்டிருந்தால், மெயின் லைனில் வருவது உரசிவிடும். முழு நீளச் சரக்கு வண்டி நிற்க அறுநூற்று எண்பத்தாறு மீட்டர் வேண்டும். சுசித்ராவின் படத்தில் அறுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு இருந்தது. படம் திங்களன்றே ரயில்வே அலுவலகத்துக்குப் போய்விட்டது.

புதன் மாலை வகுப்பில், தடம் பிரியும் இரண்டு கோணங்களை ஒரே தாளில் ஒன்றின்மேல் ஒன்றாக வரையச் சொன்னார்கள். ஒன்றுக்கு எட்டரை என்பது பழையது, சட்டென்று விலகும். ஒன்றுக்குப் பன்னிரண்டு புதியது. வண்டி வேகம் குறையாமல் நுழையட்டும் என்று மெல்ல மெல்ல விலகும். மெல்ல விலகினால் போதிய இடைவெளி கிடைக்க இன்னும் உள்ளே போக வேண்டும். ஆகவே கல்லும் உள்ளே போக வேண்டும். பென்சிலை வைத்தபோது கல் வர வேண்டிய இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே பதினைந்து மீட்டர் விழுந்தது. சுசித்ராவுக்குத் தன் படம் நினைவுக்கு வந்தது. அவள் படத்தில் இரண்டு முனைகளிலும் கோணத்தை மாற்றியிருந்தாள். கல்லை ஒரு முனையில்தான் மாற்றியிருந்தாள். அறுநூற்றுத் தொண்ணூற்றிரண்டில் அந்தப் பதினைந்து போனால் அறுநூற்று எழுபத்தேழுதான்.

எப்படி நடந்தது என்பதும் பேருந்தில் வரும்போதே விளங்கிவிட்டது. அவர்கள் அலுவலகத்துப் படங்களில், தளத்தில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் கறுப்பு, புதிதாக வரப்போவது சிவப்பு. கறுப்பைத் தொடக்கூடாது என்பது முதல் நாள் பாடம். அளவெடுக்கும் சித்தையன் மைசூரு முனையில் எவ்வளவு தேடியும் கல்லைக் காணவில்லை. ஜல்லிக்கு அடியில் புதைந்துபோயிருந்தது. அதனால் அங்கே அவளே கணக்குப் போட்டுச் சிவப்பில் வைத்தாள். பெங்களூரு முனைக் கல்லோ புதுச் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று நின்றது. சித்தையன் போட்டோவே எடுத்து வந்திருந்தார். அது கறுப்பு. அவள் தொடவில்லை.

மறுநாள் காலை ஒன்பதுக்கே அலுவலகம் போய், அர்ஜுனுக்காகக் காத்திருந்தாள். படத்தின் மூலையில் ‘வரைந்தவர்’ கட்டத்தில் அவள் பெயர், ‘சரிபார்த்தவர்’ கட்டத்தில் அவன் கையெழுத்து.

“அண்ணா, அந்தப் படத்துல ஒம்பது மீட்டர் பத்தலீங்ணா.”

அர்ஜுன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே தாளைப் பார்த்தான்.

“பிடு மாராய்த்தி, விட்டுத் தள்ளு,” என்றான். “அங்க ரயில்வேல நாலு பேர் பாப்பாங்க. சிவப்பு மையில சுழிச்சு அனுப்புவாங்க. திருத்திக் குடுத்தா ஆச்சு. நாமளே போய் தலைய நீட்டணுமா?”

“அவங்களும் பாக்காம விட்டுட்டா?”

“அவங்க விடுவாங்களா?”

“நீங்க விட்டீங்கல்லங்ணா.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அர்ஜுன் ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தான். “காலங்காத்தால வாய் ஜாஸ்தி ஆயிடுச்சு உனக்கு,” என்றான். ஆனால் கால்குலேட்டரை எடுத்தான். போட்டுப் பார்த்துவிட்டு, “ஒன்பது புள்ளி இரண்டு,” என்று முணுமுணுத்தான். “ஒரு வேகன் வெளிய நிக்கும். சரி, வா. நீ முன்னாடி போ.”

வைத்யநாதன் கேட்டுக்கொண்டே இருந்தார். இடையில் ஒரு முறை கண்ணாடியைத் துடைத்தார். சுசித்ரா சொல்லி முடித்ததும், “கல்லு கண்ணுல பட்டுது, நம்பிட்டே. படாத கல்லுக்கு மட்டும் கணக்குப் போட்டிருக்கே. அப்படித்தானே?” என்றார்.

“ஆமாங்க சார்.”

“யாராவது சொல்லிக் கண்டுபிடிச்சியா?”

“இல்லீங்க. வகுப்புல வரையறப்போ... ஒருவேளை நான் தப்பாப் போட்டிருக்கலாம்னுங்க...”

“தப்பாப் போடலை சார்,” என்றான் அர்ஜுன். “நானும் பாத்துட்டேன்.”

“இப்போ பாத்தே,” என்றார் வைத்யநாதன். அர்ஜுன் ஜன்னலைப் பார்த்தான்.

அவர் ரயில்வே அலுவலகத்துக்கு போன் போட்டுப் படத்தைத் திரும்பக் கேட்டார். மறுமுனையில் யாரோ சத்தம் போடுவது இவர்களுக்கும் கேட்டது. வைத்யநாதன் ஐந்து நிமிடம் ‘ஹௌது சார், தப்பு நம்மதே’ என்று கன்னடத்தில் திரும்பத் திரும்பத் தப்பை ஒப்புக்கொண்டார். அந்த ஐந்து நிமிடமும் சுசித்ரா தரையில் பதித்திருந்த ஓடுகளை எண்ணிக்கொண்டு நின்றாள். மதகு, மதகு, மதகு என்றே உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

போனை வைத்தவர் படத்தின் அச்சுப் பிரதியை விரித்தார். திரும்ப வாங்கும் படத்தின் பிரதியில், திருத்தத்துக்கான காரணத்தைத் தப்பு செய்தவரே தன் கையால் எழுத வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். சுசித்ரா எழுதினாள்: பெங்களூரு முனைக் குறிக்கல் புதிய கோணத்துக்கு மாற்றப்படவில்லை. வைத்யநாதன் பேனாவை வாங்கி அர்ஜுனிடம் நீட்டினார். அவன் ஒரு கணம் தயங்கி, கீழே, ‘சரிபார்க்கும்போது பார்க்கத் தவறினேன்’ என்று எழுதினான்.

“சார், இந்தப் படத்த மறுபடி...” என்று தொடங்கினாள் சுசித்ரா.

“யார் போடுவா? நீதான். தப்பு எங்க இருக்குன்னு உனக்குத்தானே தெரியும். இன்னொருத்தன் முதல்லேர்ந்து தேடணும். ஜங்ஷன் அப்புறம் பாக்கலாம். இது முடியட்டும்.” குரலில் கோபமும் இல்லை, பாராட்டும் இல்லை. “இப்போ இந்த ஒன்பது மீட்டர எங்கேர்ந்து கொண்டு வருவே?”

மைசூரு பக்கம் லெவல் கிராசிங். அங்கே ஒரு அடிகூட நகர முடியாது. பெங்களூரு பக்கம், தடம் பிரியும் இடமான பாயிண்டை வெளியே தள்ளலாம். ஆனால் அங்கே ஒரு சிறு பாலம். பாலத்தின்மேல் பாயிண்டை வைக்க முடியாது. பாலத்துக்கும் பாயிண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அளவுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

சித்தையனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

“அத அளக்கலீங்க சார்,” என்றார் சித்தையன் கூசாமல். “அந்த எடத்துல எருமயக் கட்டிப்போட்டிருந்தாங்க. மொறச்சுப் பாத்துச்சு.”

அர்ஜுன் வாயைப் பொத்திக்கொண்டான். வைத்யநாதனுக்கே உதடு துடித்தது.

“அம்முணி அங்க இருக்குதுங்களா? கண்ணு, நாளைக்கு நீயும் வந்துரு. நீ நாடாவப் புடி, எருமய நான் பாத்துக்கறேன்.”

“வந்தர்றனுங்க,” என்றாள் சுசித்ரா.

அன்று வகுப்புக்கு முன் கிடைத்த கால் மணி நேரத்தில் நாட்குறிப்பைத் திறந்தாள்.

பிப்ரவரி 12, வியாழக்கிழமை. படம் திரும்ப வருகிறது. மறுபடி வரைவது நானே. இடம் போதுமா என்று இன்னும் தெரியாது.

நாளை: காலை முதல் பாசஞ்சர். முப்பது மீட்டர் நாடா, சாக்குக்கட்டி, அளவுப் புத்தகம். பாலத்தின் மைசூரு பக்கச் சுவரிலிருந்து பாயிண்டின் முனை வரை அளக்க வேண்டும். இரண்டு முறை.