இதுல என்ன தெரியுது?

மார்ச் பதினான்காம் தேதி வியாழக்கிழமை காலை, நூலகச் சாலையில் ஒரு மரம் வேரோடு சாய்ந்து, ஓரமாக நிறுத்தியிருந்த ஓட்டுநர் பயிற்சிக் கார் ஒன்றின் மேல் விழுந்தது. உள்ளே தனியாக இருந்த பயிற்றுநர் அந்த இடத்திலேயே இறந்தார். அன்று காற்று இல்லை. மழையும் இல்லை.

மதியம் அவருடைய தங்கை கூடத்தில் வாடகை நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து அப்படியே ஓடிவந்தவள், வேலைக்குப் போடும் வெள்ளைக் கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வர மாலையாகும் என்றார்கள். வந்தவர்களுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. அதனால் பேசினார்கள்.

“இதுக்குத்தான் மாசச் சம்பளத்துக்குப் போகணுங்கிறது,” என்றார் மாடிவீட்டுக்காரர். “ஆபீஸ்ல உக்காந்திருந்தா மரம் உள்ள வந்து விழுமா?”

“ஃபேன் விழும். சும்மா இருங்க,” என்றாள் அவர் மனைவி.

பெல்ட் போட்டிருந்தாரா என்று ஒருவர் கேட்டார். போட்டிருந்தார் என்றதும், கையில் வந்தது நழுவிப்போனதுபோல் தலையை ஆட்டிக்கொண்டார்.

தங்கைக்கு இதெல்லாம் காதில் விழுந்தும் விழாமலும் இருந்தது. அண்ணன் இருந்திருந்தால் ரசித்திருப்பான். அவனுடைய பிழைப்பே அதுதான். பாடத்துக்கு வருகிறவர்களைச் சாவி திருக விடமாட்டான். முதலில் ஒரு விபத்துக் கதை சொல்வான். கண்ணாடியைப் பார்க்காமல் கதவைத் திறந்தவன் கதை, செருப்பு பெடலில் மாட்டிக்கொண்ட பல் டாக்டர் கதை. முடித்துவிட்டு, “இதுல என்ன தெரியுது?” என்பான். சரியான பதில் வந்தால்தான் வண்டி நகரும். கதை மாஸ்டர் என்று பெயர் வாங்கியிருந்தான். அவன் கதையில் காரணம் இல்லாமல் யாரும் செத்ததில்லை.

சுவரோரத்தில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அழவில்லை. யாராவது கையைப் பிடித்தால் கொடுத்தாள், விட்டால் எடுத்துக்கொண்டாள்.

நடுவில் பெரியண்ணன். இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் நசுங்கிய கார்களைப் பார்த்து, தப்பு யார் மேல் என்று தீர்மானித்து ஓய்வு பெற்றவர். வந்ததிலிருந்து ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த இடத்துல அவன் ஏன் நிறுத்தினான்? கடை இல்ல, சிக்னல் இல்ல. ஏன் நிறுத்தணும்?”

“விடுண்ணே,” என்றாள் தங்கை.

“எப்படி விடறது? காரணம்னு ஒண்ணு இருக்கும்ல?”

மருந்துக்கடைக்கார அம்மா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். அண்ணனிடம் பாடம் படித்து, லைசென்ஸ் டெஸ்டில் இரண்டுமுறை தோற்று, மறுபடியும் சேர்ந்தவர்.

“சார் மாதிரி ஜாக்கிரதை யாருக்கு வரும்? ஓடற வண்டில போனைத் தொடவே மாட்டாரு. மணி அடிச்சா ஓரங்கட்டு, நாலு விளக்கையும் போடு, அப்புறம் பேசு. எத்தனை கதை சொல்லியிருக்காரு இதுக்கு! எனக்குக் கனவுலகூட போன் அடிச்சா ஓரங்கட்டத்தான் தோணுது.”

பெரியண்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“போலீஸ்காரர் சொன்னாரு, விளக்கு நாலும் எரிஞ்சிக்கிட்டே இருந்துச்சாம்.” நிறுத்தினார். “அப்போ போன் வந்திருக்கு. வந்ததாலதான் நிறுத்தியிருக்கான்.”

அவர் முகத்தில் ஒரு கணம் திருப்தி தெரிந்தது. அது தெரிந்ததே அவருக்குத் தெரியாது.

“யார் பண்ணது?”

சமையலறை வாசலில் தட்டோடு வந்த அண்ணன் மகள் நின்றுவிட்டாள். கல்லூரிக்குப் போகிற பெண். தட்டிலிருந்த தேநீர்க் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுத்தன. தங்கை அவள் முகத்தைப் பார்த்தாள். வேறு எதுவும் தேவைப்படவில்லை.

“நான்தான்,” என்றாள் தங்கை.

கூடம் முழுவதும் அவள் பக்கம் திரும்பியது.

“நீயா? எதுக்கு?”

“சும்மாதான்.”

“சும்மாவா? காலைல வேலைக்குப் போற மனுஷனுக்குச் சும்மா போனா?” பெரியண்ணனின் குரல் ஏறியது. “இதைத்தான் நான் தலப்பாடா அடிச்சுக்கறேன். கைல போன் இருக்குன்னா உடனே அமுக்கணுமா? ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா அவன் அந்த மரத்தைத் தாண்டியிருப்பான். ஒரே ஒரு நிமிஷம். எல்லாரும் கேட்டுக்குங்க, இதுல இருந்து தெரிஞ்சுக்க வேண்டியது…”

“அத்தை பண்ணல, பெரியப்பா.”

“நீ உள்ள போ, கண்ணு,” என்றாள் தங்கை. “போடி.”

அவள் போகவில்லை.

“நான் பண்ணேன். கத்திரிக்கோல் எங்கன்னு கேக்க. உடனே எடுக்கல. ஓரங்கட்டிட்டுதான் எடுத்தாரு. ‘இப்போ சொல்லு, வாலு’ன்னாரு.” பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். “நான் கேட்டேன். சத்தம் வந்துச்சு. அப்புறம் இண்டிகேட்டர் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, டிக் டிக்னு. நான் ரொம்ப நேரம் அப்பா அப்பான்னு கூப்பிட்டேன்.”

மாடிவீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். மருந்துக்கடைக்கார அம்மாவின் கைக்குட்டை வாய்மேல் நின்றது. பெரியண்ணன் பாதியில் விட்ட வாக்கியம் இன்னும் அவர் வாயில் இருந்தது.

“ஃப்ரிட்ஜ் மேல இருக்குடி,” என்றாள் அண்ணி.

காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். சாதாரணமாக, எந்த நாளும் சொல்வதுபோலச் சொன்னாள்.

பெரியண்ணன் எழுந்தார். தம்பி மகளிடம் போய், தட்டை அவள் கையிலிருந்து வாங்கினார். தன் வீட்டில்கூட யாருக்கும் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர் இல்லை. ஒவ்வொரு நாற்காலியாகக் குனிந்து எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாலையில் உடல் வந்தது.

மறுநாள் மாநகராட்சி ஆட்கள் மரத்தை அறுத்து அப்புறப்படுத்தினார்கள். அந்தச் சாலையிலிருந்த மற்ற மரங்களையும் வரிசையாகச் சோதித்தார்கள். எதிலும் குறை இல்லை.