இழுத்து முடியும் கோடு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. குளிரில் கதவோரம் நிற்க வேண்டாம், அடுப்புப் பக்கம் இடம் இருக்கிறது. ஒரு கதை சொல்கிறேன். இதில் சண்டை உண்டு, சாவு இல்லை. ஒரு மாமனார், ஒரு மருமகன், அவர்களுக்கு நடுவில் ஒரு பரீட்சை. அவ்வளவுதான். கையில் வேலை இருந்தால் அதைச் செய்துகொண்டே கேளுங்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை எங்கள் லுத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் டேரல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தானிய லாரி ஓட்டுகிறவன். ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளின் மேஜைக்குக் கீழே அவன் முழங்கால்கள் அடங்கவில்லை. பென்சில் அவன் விரல்களுக்குள் பல் குத்தும் குச்சி மாதிரித் தெரிந்தது. எங்கள் நெப்ராஸ்காவில் பிப்ரவரி மாதம், வெளியே வயலும் வானமும் ஒரே வெள்ளை. உள்ளே அவன் நெற்றியில் வியர்வை. ஒலிநாடா ஓடத் தொடங்கியதும் அவன் கண்களை மூடிக்கொண்டான். எதிரே பரீட்சை நடத்துகிறவர்களாக நான், மர்வின், பக்கத்து ஊரிலிருந்து வந்த இன்னொருவர். அவன் மாமனார் டெல்மரும் எங்களைப் போலப் பரீட்சை நடத்துகிறவர்தான். ஆனால் சொந்தக்காரருக்குப் பரீட்சை நடத்தக்கூடாது என்பது சட்டம். மருமகனும் சொந்தம்தானே. ஆகவே டெல்மர் மேலே, ஆளில்லாத தேவாலயத்தின் கடைசி பெஞ்சில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் ஹாம் வானொலிக்காரர்கள். வீட்டிலேயே கருவி வைத்து உலகத்தோடு பேசுகிறவர்கள். அதற்கு அரசாங்கத்தின் லைசென்ஸ் வேண்டும். சாதாரண எழுத்துப் பரீட்சை எழுதினால் பக்கத்து ஊர்களோடு மட்டும் பேசலாம். கடல் தாண்டிப் போகிற சிற்றலைக்கு வர வேண்டுமென்றால் புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் மோர்ஸ் தந்தியில், நிமிஷத்துக்கு ஐந்து சொல் வேகத்தில், காதால் கேட்டு எழுதிக் காட்ட வேண்டும். அந்த ஐந்து சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் சங்கம் போட்ட சண்டையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அலுப்புத்தான் வருகிறது.

"அஞ்சு சொல்லு! கோழி இதைவிட வேகமா கொத்தும். அதைக்கூடப் படிக்க முடியாதவனுக்கு எதுக்குய்யா லைசென்ஸு?" என்பார் டெல்மர்.

தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மர்வின் விட மாட்டார். "கப்பல்காரனே தந்தியை விட்டுட்டான். நீ எந்தக் கோட்டைக்குக் காவல் நிக்கிற? திரும்பிப் பாரு, பாதி நாற்காலி காலி. இருக்கறதுல பாதிப்பேர் தூங்கறான்."

"தூங்கறவனாவது பாஸ் பண்ணிட்டுத் தூங்கறான்."

மாதத்துக்கு ஒரு முறை இதே பேச்சு. சில்லி சூப்பும் சின்னமன் ரோலும் ஆறிப்போகும். பெண்டாட்டிமார் ஒவ்வொருவராகக் கோட்டை எடுத்து மாட்டுவார்கள். ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே மர்வினும் அதே டெல்மரும் தந்தியில் சந்திப்பார்கள். அது எங்கள் வழக்கம். டெல்மர் அழைப்பார், ஒவ்வொரு கிழமும் தன் அடையாள எழுத்துகளைத் தட்டி "இருக்கிறேன்" என்று சொல்லும். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஒருநாள் அழைப்பு வரவில்லை. மர்வின் வண்டியை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனார். கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே பனிக்கட்டியில் வழுக்கி, இடுப்பு பிசகி, டெல்மர் கிடந்தார். மர்வினைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "லேட்டு."

அதிலிருந்து அவர் மகள் கார்லாவுக்கு நிம்மதி போயிற்று. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள். பகலெல்லாம் ஊரார் பெற்றோரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, சாயங்காலம் சொந்த அப்பாவிடம் கெஞ்ச வேண்டும். டவுனில் அவள் வீட்டில் கீழறை தயாராக இருந்தது. கட்டில், மேஜை, சன்னலோரம் வானொலிக்கு இடம். அறுவடை முடிந்து நடந்த சங்க விருந்தில், எல்லார் முன்னாலும் கேட்டாள். "இந்தக் குளிருக்காவது வாங்கப்பா."

டெல்மர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "உம் புருஷன் அஞ்சு சொல்லு பாஸ் பண்ணட்டும். அன்னிக்கு வர்றேன். தந்தி படிக்கத் தெரியாதவன் வீட்ல நான் யாரோட பேசறது?"

சிரித்தார்கள். டேரலும் சிரித்தான். கார்லா மட்டும் சிரிக்கவில்லை. அப்பா விளையாட்டாகச் சொன்னதிலிருந்தும் பின்வாங்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். டேரல் அதற்குள் மூன்று முறை தோற்றவன். அந்த விருந்துக்குப் பிறகு நான்காவது முறையும் தோற்றான்.

டிசம்பரில் அறிவிப்பு வந்தது. மோர்ஸ் பரீட்சையை அரசாங்கம் எடுத்துவிட்டது, பிப்ரவரிக் கடைசியோடு சரி. மர்வின் சங்கத்துக்கு கேக் வாங்கி வந்தார். டெல்மர் தொடவில்லை. கார்லா என் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"பரீட்சையே இல்லேன்னா இவரு எப்படி வெர்னாம்மா பாஸ் பண்ணுவாரு? அப்பா எப்படி வருவாரு? ஊர்ல எல்லாரும் சட்டம் போச்சுன்னு சண்டை, சட்டம் வந்துச்சுன்னு சண்டை. எங்கப்பா பனியில கிடப்பாருன்னு ஒருத்தருக்கும் தோணலை."

பழம் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டி ஒன்றை எடுத்து அவள் முன் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அதைச் சாப்பிட்டாள்.

இப்படித்தான் அந்தக் கடைசிப் பரீட்சைச் சனிக்கிழமை வந்தது. "ரெண்டு வாரம் பொறுத்தா எழுத்துப் பரீட்சையோட முடிஞ்சுதேப்பா, எதுக்கு இந்தப் பாடு?" என்று வாசலிலேயே மர்வின் கேட்டார். டேரல் தொப்பியைக் கழற்றிப் பையில் திணித்தான்.

ஒலிநாடா நின்றது. விடாமல் ஒரு நிமிஷத்துக்குச் சரியாக எழுதியிருந்தால் போதும். தாளை எங்கள் பக்கம் நகர்த்தினான். இங்கே மூன்று எழுத்து, அங்கே இரண்டு, நடுவில் வெறுமை. மர்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார்.

வெளியே லாரிப் பக்கம் போய் அவனோடு நின்றேன். மூச்சு புகையாக வந்தது.

"அந்த மெஷின் யாரு மாதிரியும் இல்ல, வெர்னாம்மா. எல்லாம் ஒரே அளவு. எங்க புடிக்கிறதுன்னே தெரியல."

"யாரு மாதிரி இருக்கணும்?"

பனியைக் காலால் தள்ளிக்கொண்டே சொன்னான். "மாமா மாதிரி. அவரு அடிச்சா முழுசா எழுதுவேன். எத்தனை வேகமா அடிச்சாலும். மூணு வருஷமா காலைல ரிசீவரை லாரியில வச்சுக் கேக்கறேன். கேக்கறதுக்கு லைசென்ஸ் வேணாமே. தானியக் கிடங்குல வரிசையில நிக்கறப்போ எனக்கு வேற என்ன வேலை?"

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. ஒவ்வொருவர் தந்திக்கும் ஒரு நடை உண்டு, குரல் மாதிரி. டெல்மரின் வலது கையில் இரண்டு விரல்களைச் சோளம் பறிக்கும் இயந்திரம் இளவயதிலேயே கொண்டுபோய்விட்டது. மிச்ச விரல்களால் அவர் அடித்தால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். கடைசிக் கோடு மட்டும் கால் தாங்கி நடக்கிறவன் மாதிரி இழுத்து இழுத்து முடியும். வெளியூர்க்காரன் கேட்டால் தலையைப் பிய்த்துக்கொள்வான். நாங்கள் பழகிவிட்டோம். அவர் மனம் நோகும் என்று ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. இந்தப் பையன் மோர்ஸ் படிக்கவில்லை, டெல்மரைப் படித்திருக்கிறான்.

உள்ளே போய் மர்வினிடம் சொன்னேன். அவர் உடனே எழுந்தார். "மேல இருக்கற ஆளைக் கூப்பிடு. அவரே அடிக்கட்டும், இவன் எழுதட்டும். யாரு வந்து கேக்கப்போறா? ரெண்டு வாரத்துல சட்டமே இல்ல."

பின்னாலேயே வந்த டேரல் காதில் அது விழுந்தது. "வேணாம் சார். அப்புறம் அவரு வந்தாலும் பாஸ் பண்ணதுக்காக வந்ததா இருக்காது."

மேலே பெஞ்சு கிறீச்சிட்டது. டெல்மர் படியில் பாதி இறங்கி நின்றார். என்னை மட்டும் பார்த்தார். நான் தலையசைத்தேன், இல்லை என்று. அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். வந்த படியிலேயே திரும்பி ஏறினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று.

புதுச் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. எங்கள் சண்டையில் அதை ஒருவரும் சரியாகப் படிக்கவில்லை. டேரலைப் போல எழுத்துப் பரீட்சை மட்டும் எழுதிக் கீழ் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் சிற்றலையில் கொஞ்சம் இடம் கொடுத்திருந்தார்கள். ஆனால் நாங்கள் காலையில் கூடும் அந்த இடத்தில் வாயால் பேசக்கூடாது, தந்தி மட்டும்தான். பரீட்சையை எடுத்தவர்கள் தந்தி தட்டும் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டார்கள்.

சட்டம் மாறின பிறகு வந்த முதல் காலை. காப்பியை ஊற்றிக்கொண்டு சமையலறை மேஜையில் வானொலியைத் திறந்தேன். டெல்மர் அழைத்தார். நான் "இருக்கிறேன்" என்றேன். மர்வின் "இருக்கிறேன், என்ன பண்றது" என்றார். வேறு யாராவது உண்டா என்று டெல்மர் கேட்டார். வழக்கமாக அதோடு முடியும்.

அன்றைக்கு ஒரு தந்தி வந்தது. மெதுவாக, தடவித் தடவி. புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. கடைசிக் கோடு இழுத்து இழுத்து முடிந்தது. என் கையில் காப்பி அப்படியே நின்றது.

மர்வின் குறுக்கே வந்தார். "டெல்மர், என்ன, உனக்கு நீயே பதில் சொல்லிக்கறியா?"

"நான் இல்லை" என்றார் டெல்மர்.

திரும்பவும் அதே நடை. இந்தத் தடவை அடையாள எழுத்துகள் முழுசாக வந்தன. டேரலுடையவை. பத்து விரலும் நன்றாக உள்ள ஒரு மனுஷனின் கை, விரல் போன கை மாதிரி நொண்டி நொண்டி வந்தது.

ரொம்ப நேரம் வெறும் இரைச்சல். சன்னலுக்கு வெளியே குருவி ஒன்று தீவனக்கூண்டில் வந்து உட்கார்ந்து, தின்று, போயும்விட்டது. பிறகு டெல்மர் தட்டினார். அவருக்கே பழக்கமில்லாத மெதுவான வேகத்தில்.

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"நீங்கதான் மாமா. தினம் காலைல."

மறுபடி இரைச்சல். நான் நாற்காலியை வானொலிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"கடைசிக் கோட்டை ரொம்ப இழுக்கிறாய்" என்றார் டெல்மர். "யாருக்கும் புரியாது."

"சரி மாமா. திருத்திக்கறேன்."

மர்வினிடமிருந்து எங்கள் தந்திச் சிரிப்பு, நான்கு புள்ளி, இரண்டு புள்ளி, திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே மளிகைக் கடைக்குப் போன வழியில் கார்லா வீட்டைக் கடந்தேன். கொல்லையில் வானொலி ஏரியலுக்கான நீளமான கம்பம் ஒன்று பனியில் கிடந்தது. பக்கத்தில் செம்புக் கம்பிச் சுருள். டேரல் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடப்பாரையால் தரையைக் குத்திக்கொண்டிருந்தான். மார்ச் மாதத்து நெப்ராஸ்கா மண், இரும்பு மாதிரி இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு குத்துக்கும் கையளவு தெறித்தது, அவ்வளவுதான். கார்லா சமையலறைச் சன்னலில், கையில் ஈரத் துணியோடு நின்றாள்.

வேலியோரம் டெல்மரின் பிக்கப் வண்டி நின்றது. எஞ்சினை நிறுத்தவில்லை, அவர் இறங்கவும் இல்லை. சன்னல் கண்ணாடி மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அந்த இடுக்கு வழியே மூன்று விரல் கை ஒன்று வெளியே வந்து, அங்கே இல்லை, இன்னும் இடது பக்கம், இன்னும் கொஞ்சம், என்று காட்டிக்கொண்டிருந்தது. டேரல் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தான்.

போய் வாருங்கள், கண்ணுகளா. பாதை வழுக்கும், பார்த்து நடங்கள். உங்கள் வீட்டில் காலையில் ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவர் "இருக்கிறேன்" என்று சொல்லும்படி இருக்கட்டும். அடுப்பு அணையாமல் இருக்கட்டும், மேஜையோரம் ஒரு நாற்காலி அதிகமாகவே கிடக்கட்டும்.