காட்டுப்பள்ளிக்கு வந்த மூன்று விரல் விலங்கு

காட்டுப்பள்ளி கன்டெய்னர் யார்டில் அந்த விலங்கு இறங்கி எழுபத்தோரு மணி நேரம் ஆகியும், அது இன்னதென்று படிவத்தில் சரியாக எழுதப்படவில்லை. தென் அமெரிக்காவிலிருந்து தோல் பதனிடும் தூள் ஏற்றி வந்த கன்டெய்னரின் முத்திரையை உடைத்ததும் அது உள்ளேயிருந்து நடந்து வந்தது. மூட்டைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. கழுத்து ஒட்டகத்துடையது போல நீளம். மூக்குத் துளை மட்டும் நெற்றியில், இரு கண்களுக்கும் நடுவே. அது மூச்சிழுக்கத் தொடங்கியதிலிருந்து பக்கத்து எண்ணூரில் கொடித்துணிகளில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படியவில்லை. வெள்ளைச் சட்டை விற்பனை கொஞ்சம் கூடியது.

சரக்குக்குச் சுங்கப் படிவம் நிரப்பும் கிளியரிங் ஏஜென்ட் அசோகன் கழுத்தை மட்டும் பார்த்துவிட்டு 'ஒட்டகம்' என்று எழுதியிருந்தார். சுங்கப் பட்டியலில் இல்லாத சரக்கை, ஜாடை ஒத்துப்போகும் சரக்கின் பெயரில் எழுதுவது அவர் பழக்கம். வந்தது வினை. அந்தக் கண்டத்திலிருந்து அசைபோடும் விலங்குகளுக்கு அனுமதி இல்லை. எழுபத்திரண்டாவது மணியில் கப்பலில் திருப்பி ஏற்ற உத்தரவாகிவிட்டது. கப்பலில் தீனி கிடையாது, நடுக்கடலில் தள்ளிவிடுவார்கள் என்று கிரேன்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

அசோகனின் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் நவ்ரீன் விலங்கியல் பட்டதாரி, வண்ணாரப்பேட்டைப் பெண். மூன்று வருடத்தில் அங்கே அவள் வாய்திறந்தது பதினோரு தடவை. முதல் மணியிலேயே அவள் பார்த்துவிட்டாள்: பாதத்துக்கு மூன்று விரல், கொட்டாவி விட்டபோது இடைவெளியில்லாமல் நாற்பத்துநான்கு பல். பெயர் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. அதைச் சொன்னால், காதில் வாங்கிக்கொண்டு விலங்கு மறைந்துவிடுமோ என்று பயந்தாள்.

கிரேன் கொக்கி இறங்கியது. யார்டு கூட்டும் ராஜாத்தி தண்ணீர் வாளியை நங்கென்று வைத்தாள்.

"இன்னா அசோகு, நெத்தியில மூக்க வச்சுகினு கீற ஒட்டகத்த எங்க பாத்த நீ?"

"கம்முனு கெட ராஜாத்தி. பேஜாரு பண்ணாத."

நவ்ரீனின் குரல் பன்னிரண்டாவது தடவையாக வந்தது. "ஒட்டகம் இல்ல சார். அதுக்கு ரெண்டு விரல், இதுக்கு மூணு. இது அசைபோடாது. குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் தூரத்துச் சொந்தம். பேரு மாக்ராக்கீனியா."

படிவத்தோடு நின்றிருந்த சுங்க அதிகாரி குனிந்து எண்ணினார். நாலு காலுக்குப் பன்னிரண்டு. 'ஒட்டகம்' என்பதை அடித்தார். கொக்கி மேலே போனது. பிறகு பட்டியலை முன்னும் பின்னும் புரட்டினார்.

"இந்தப் பேரே இதுல இல்லையேம்மா. ஏன்?"

நவ்ரீன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். "அந்த இனம் அழிஞ்சு பத்தாயிரம் வருஷம் ஆச்சு சார்."

கண்ணைத் திறந்தபோது அதிகாரி 'மற்றவை' கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டிருந்தார். விலங்கு ராஜாத்தியின் வாளிக்குள் முகத்தை முக்கி, நெற்றியால் மூச்சு விட்டபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.