அப்பாவைக் கூப்பிட ஒரு சொல்

அப்பாவின் முதுகு தெரிகிறது, வெள்ளைச் சட்டையில் வியர்வை தோளிலிருந்து இடுப்புவரை இறங்கியிருக்கிறது, முதுகுக்கு அந்தப் பக்கம் அடர் கந்தக அமில பாட்டில், அதிலிருந்து நாலு சொட்டு கிடைத்தால் என் சோதனைக் குழாயில் பழுப்பு வளையம் வரும், வளையம் வந்தால் என் உப்பு நைட்ரேட், நைட்ரேட் என்றால் பாஸ், பாஸ் என்றால் பட்டம், எல்லாம் சரி, அவரைக் கூப்பிட வேண்டுமே, எப்படிக் கூப்பிடுவது, செய்முறைத் தேர்வின் கடைசி இருபது நிமிடத்தில் ஒருவன் யோசிக்கிற கேள்வியா இது, யாரும் இடத்தை விட்டு நகரக்கூடாது, ஆசிட் வேண்டுமென்றால் அட்டெண்டரைக் கூப்பிடு என்று தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் சொல்லிவிட்டார், அட்டெண்டர் என் அப்பா, இந்த லேபில் இருபத்தாறு வருடமாக, பெயர் தெய்வசிகாமணி, அவ்வளவு நீளம் இங்கே யாருக்கும் தேவைப்பட்டதில்லை, பேராசிரியர்களுக்கு சிகாமணி, மாணவர்களுக்கு அண்ணே, எனக்கு ஒன்றுமில்லை.

நான் கல்லூரியில் சேர்ந்த அன்று கேட்டுக்கு இருநூறு அடி முன்னாலேயே மொபெட்டை நிறுத்தி இறங்கச் சொன்னார், இங்க பாரு, உள்ள வந்து அப்பா கிப்பான்னு கூப்ட்டு வைக்காத, அட்டெண்டர் மவன்னு மூணு வருசம் ஓட்டுவானுங்க, பின்ன எப்படிப்பா கூப்புடுறது, கூப்புடாத, அவ்வளவுதான், நானும் ஐந்து செமஸ்டர் கூப்பிடாமலே ஓட்டிவிட்டேன், இருமினேன், மேசையைத் தட்டினேன், பக்கத்து மேசை முபாரக் எனக்கும் சேர்த்து அண்ணே என்று குரல் கொடுப்பான், நீயே சொன்னா என்னடா குறைஞ்சிடும் என்பான், அப்பாவை அண்ணே என்றால் அம்மா எனக்கு அண்ணி ஆகிறாள், நினைத்தாலே நாக்கு கூசுகிறது, முபாரக்குக்கு இன்று பார்த்து அடுத்த பேட்ச்.

மிச்சமிருப்பது சார். ஆறாம் வகுப்பில் போர்டில் எழுதிப்போட்டார்கள், சார் என்றால் ஐயா, மரியாதைச் சொல், நானும் நம்பினேன், அப்புறம் ஊர் பாடம் நடத்தியது, டவுன் பஸ் கண்டக்டர் படியில தொங்காத சார் உள்ள போ சார் என்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிறார், ஹெல்மெட் இல்லாத நாளில் போலீஸ்காரர் வாங்க சார் என்கிறார், கை தானாகப் பர்ஸைத் தேடுகிறது, அடிக்கப் போகிறவன்கூட யார் சார் நீ என்று விசாரித்துவிட்டுத்தான் அடிக்கிறான், இப்படி ஊர் முழுக்க வாரி இறைக்கிற வார்த்தை இந்த ஒரு மனிதர் மேல் மட்டும் ஒரு தடவைகூட விழவில்லை, சொல்வதற்கு மட்டும் இவர், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின் நடுவில் போன் வந்தால் எழுந்து நின்று சொல்லுங்க சார் என்கிறார், கையிலிருந்து குழம்பு சொட்டுகிறது, அங்கிருப்பவர் இவர் நிற்பதைப் பார்க்கவா போகிறார், அம்மா சொல்வாள், தாலியக் கட்டுங்கன்னு சொன்ன ஐயருக்கே சரி சார்னாரு உங்கப்பா, நான் அப்பவே எழுந்து போயிருக்கணும்.

எக்ஸ்டர்னல் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறார், என்னைவிட ஆறேழு வயது கூட இருக்கலாம், மீசை இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை, யோவ் சிகாமணி, ஃபேனக் கூட்டி வையி, இதோ சார், தேர்வு முடிய இன்னும் பதினைந்து நிமிடம், யோவ் என்னய்யா டீ இது, மாத்திட்டு வர்றேன் சார், பன்னிரண்டு நிமிடம், எனக்குக் கடுப்பு ஏறுகிறது, ஆசிட் வராததற்கா அந்த யோவுக்கா, பிரித்துப் பார்க்க நேரமில்லை, வாய் தானாகத் திறந்தது, சார்.

முதுகு அசையவில்லை. சார், இன்னும் சத்தமாக, இப்போது திரும்பினார், நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என்னைப் பார்த்தார், தன் பின்னால் திரும்பிப் பார்த்தார், அங்கே சுவரும் கைகழுவும் தொட்டியும்தான், பிறகு எக்ஸ்டர்னலிடம் போய்க் குனிந்தார், சார், பையன் உங்களக் கூப்புடுறான்.

என்னப்பா என்றார் எக்ஸ்டர்னல். உங்கள இல்ல சார், அந்த சாரை, என்றேன். எந்த சாரை. நான் கையை நீட்டினேன், இருபது பேர் குழாயைப் பிடித்தபடியே திரும்பினார்கள், யாரோ களுக்கென்று சிரித்தான், ஒன்பது நிமிடம்.

அப்பா பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார், காது சிவந்திருந்தது, கண்ணை மூடிக்கொண்டுகூடச் சொட்டு விடத் தெரிந்த கை நாலுக்கு ஆறு சொட்டு விட்டது, உதட்டை அசைக்காமல் பேசினார், ஏன்டா மானத்த வாங்குற, இதுக்கு அப்பான்னே கூப்ட்டுத் தொலைச்சிருக்கலாம்ல, சரிப்பா என்றேன், லேப் முழுக்கக் கேட்டது, எக்ஸ்டர்னல் யோவ் என்று ஆரம்பித்து யோவிலேயே நின்றுவிட்டார், அந்த யோவைக் கேட்டும் அப்பா போகவில்லை, நிற்கிறார், குழாயை நோக்கிக் குனிகிறார், வளையம் வருதாடா என்கிறார், இன்னும் கொஞ்சம் குனிகிறார், தள்ளுங்கப்பா, வெளிச்சத்த மறைக்கிறீங்க.