வாரிங்கா கொட்டகையில் மிதந்தவர்கள்

வாருங்கள், வந்து இந்த அநீதியைப் பாருங்கள்! சிரிப்பவர்கள் தரையை விட்டு எழுந்து மிதக்கும் வாரிங்கா சினிமாக் கொட்டகையில், மனிதனை மனிதனிடமிருந்து பிரிக்க ஒரு மரத்தடுப்பு நின்றது. மிதப்பதில் புதுமை ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் அந்த மரவாடி ஊரில், புன்னகைத்தவர் சாண் உயரம் எழுந்தார். வயிறு குலுங்கச் சிரித்தவர் கூரை உத்தரத்தில் தொப்பியை இடித்துக்கொண்டார். காட்சி மாறியதும் அவரவர் இடத்தில் இறங்கினார். கொடுமை எதுவென்றால், வெள்ளையர் பின்னால் மெத்தை நாற்காலிகளுக்கு மேலும், அந்த மண்ணுக்கே உரிய பூர்வகுடிகள் திரைக்கு அடியில் வெறும் பலகைகளுக்கு மேலும் மிதந்ததுதான். சிரித்த வேகத்தில் யாரேனும் தடுப்பைத் தாண்டிவிடுவாரோ என்று அஞ்சிய உரிமையாளர் பிராட்டன், தடுப்பின்மேல் கோழிக்கூண்டு வலையைக் கூரைவரை இழுத்து அடித்தார். சிரிப்புக்கு வேலி கட்டிய மேதை அவர்!

பூர்வகுடிகள் படம் தொடங்கி இருட்டிய பின்னரே பக்கவாசலால் நுழையலாம்; விளக்கு எரியுமுன் வெளியேறிவிட வேண்டும். ஆகவே அவர்களில் ஒருத்தியான டல்சி தன் வாழ்நாளில் எந்தப் படத்தின் முடிவையும் கண்டதில்லை. மரவாடியில் மரம் அறுக்கும் வேலை பார்த்த அவள் கணவன் கிளெம் வெள்ளையன். மனைவியின் அருகில் உட்காரப் பலமுறை கேட்டுப் பார்த்தான். “வெள்ளக்காரன் பலகையில குந்துனா என் கொட்டகை மானம் என்னாகுறது?” என்றார் பிராட்டன். ஒரே வீட்டில் உண்டு உறங்கிய இருவர், சனிக்கிழமைதோறும் வலைக்கு இருபுறமும் அமர்ந்தார்கள். வீடு திரும்பும் வழியில் கிளெம் முடிவைச் சொல்லுவான். போருக்குப் போனவன் திரும்பி வந்தான். கோபித்துக்கொண்டவள் கதவைத் திறந்தாள். கப்பல் கரை சேர்ந்தது. ஒன்பது ஆண்டுகளாகக் காதலர் அனைவரும் சேர்ந்தே வாழ்ந்தமையால், டல்சிக்கு உலகத்தின்மீது பெரும் நம்பிக்கை பிறந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை, முடிவு நெருங்குகையில், பிராட்டன் டார்ச் விளக்குடன் வந்தார்.

“எந்திரி டல்சி, நேரமாச்சு.”

“அவன் ரயிலடிக்கு ஓடுறான் மிஸ்டர் பிராட்டன். அவ எறங்கி வர்றதப் பாத்துட்டுத்தான் எந்திரிப்பேன். வேணும்னா பலகையோட தூக்கிட்டுப் போங்க.”

பலகை வரிசை முழுவதும் அவளுடன் அசையாது அமர்ந்தது. திரையில் ரயில் புறப்பட்டது. காதலி இறங்கவில்லை. அவன் தனியே நின்றான். விளக்கு எரிந்தது. டல்சி திரும்பினாள், வலைக்கு அப்பால் கிளெம் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தான்.

“யோவ் கிளெம்! அப்போ அந்தப் போருக்குப் போனவன்?”

“செத்துட்டான்டி.”

“கப்பலு?”

“அதுவும் முழுகிருச்சு.”

“அடப் புளுகா! ஒன்பது வருஷமாவா?”

“நாமதான் சேந்து உக்கார முடியல. அதுங்களாவது சேந்திருக்கட்டுமேன்னு...”

டல்சி வலையருகே ஓடினாள், சிரித்தாள்; மறுபுறம் வலையருகே வந்த கிளெமும் சிரித்தான். ரயிலுக்காக அழுதுகொண்டிருந்த பின்வரிசைச் சீமாட்டிகளையும் அந்தச் சிரிப்பு பற்றிக்கொண்டது. இருட்டில் ஒரே இடத்தில் அழுது ஒரே இடத்தில் சிரிப்பவர்களை, வெளிச்சத்தில் வெவ்வேறு பிறவி என்று எந்தச் சட்டம் சொல்லும்? வலையின் கண்களில் விரல் கோத்தபடி கணவனும் மனைவியும் எழ, ஆணிகள் தெறித்து வலையும் எழுந்தது, தடுப்பும் எழுந்தது, தடுப்பைப் பிடித்து இழுத்த பிராட்டனும் சிரிக்காமலே தொங்கிக்கொண்டு எழுந்தார்.

“விட்டுட்டுச் சிரிச்சுத் தொலைங்க, கை வலிக்காது!” என்று டல்சி கூவினாள். அவர் சிரித்தார், வேறு வழியில்லை.

பிறகு இறங்கினார்கள், யார் எங்கே என்ற கணக்கின்றி. மரவாடி முதலாளியின் மனைவி பலகையில் இறங்கி, பலகை கடினமானது என்பதை முதன்முறையாகக் கண்டறிந்தார். கிளெமும் டல்சியும் ஒரே மெத்தை நாற்காலியில் நெருக்கியடித்து இறங்கினார்கள். அடுத்த வாரம் எல்லோரும் முன்வாசல் வழியாகவே நுழைந்து, கலந்தே மிதந்தார்கள். வலை பிராட்டனின் கோழிகளுக்குப் போயிற்று. ஊரில் அதைப் பற்றி ஒருவரும் வியந்து பேசவில்லை.

உங்கள் ஊரிலும் ஒரு தடுப்பு நிற்கிறது. அது தானாக மிதந்து போகுமென்று காத்திராதீர்கள். எழுங்கள், இன்றைய காட்சி தொடங்குமுன் அதைப் பிடுங்கி எறியுங்கள்!